பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பெட்ரோல் குடிக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி

மைலேஜ் குறைந்தால் முதல் பழி கார்புரேட்டர் மேல்தான் விழும். கழற்றி எறிந்துவிட்டு இன்னும் பெரியதாக ஒன்றை வாங்கி மாட்டுவார்கள். மைலேஜ் இன்னும் கீழே போகும். இந்த வண்டிகளில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும் நேரம் மிகக் குறைவு. பெரும்பாலான பெட்ரோல் செலவாவது சீரான ஓட்டத்தில், பட்டர்ஃப்ளை (காற்றுக்கு வழிவிடும் தகடு) கால்வாசிகூடத் திறக்காத நிலையில்தான். அந்த நிலையில் பிரைமரி பேரல் (கார்புரேட்டரில் முதலில் வேலை செய்யும் காற்றுக்குழல்) எவ்வளவு பெட்ரோல் விடுகிறது என்பதே மைலேஜ் கணக்கு. கீழே உள்ள சோதனைகளும் கார்புரேட்டர் தேர்வும் இதை ஒட்டியவையே.

தேவையான கருவிகள்: வேக்குவம் கேஜ், டைமிங் லைட், 0 முதல் 10 பிஎஸ்ஐ வரை காட்டும் ஃப்யூல் பிரஷர் கேஜ். காற்று-பெட்ரோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார் ஒன்றை எக்ஸாஸ்ட் குழாயில் பொருத்த முடிந்தால் பாதி ஊகம் தேவைப்படாது. கார்புரேட்டரைத் திறக்கும் முன் எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றியிருக்க வேண்டும், தீயணைப்பான் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பெரிய டயர் போட்டதும் மைலேஜ் விழுந்துவிட்டது

இதில் ஒரு பகுதி கணக்குப் பிழை. 29 அங்குல டயருக்குப் பதில் 33 அங்குலம் போட்டால், ஓடோமீட்டர் 100 கிலோமீட்டர் காட்டும்போது வண்டி உண்மையில் ஏறக்குறைய 114 கிலோமீட்டர் ஓடியிருக்கும். ஜிபிஎஸ்ஸில் ஒரு நீண்ட தூரத்தை அளந்து, ஓடோமீட்டரோடு ஒப்பிட்டு, வரும் விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். டேங்கை ஒரே பம்பில் ஒரே அளவுக்கு நிரப்பி, குறைந்தது மூன்று டேங்க் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள். ஒரு டேங்க் கணக்கை நம்பி ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பாகம்) மாற்றக் கூடாது.

அந்தத் திருத்தத்துக்குப் பிறகும் மைலேஜ் குறைவாக இருந்தால், எஞ்சின் திணறி இழுக்கிறது என்று பொருள். டயர் பெரிதானால் மொத்த கியர் விகிதம் எண்ணளவில் குறைந்ததுபோல் ஆகும், அதே சாலையில் பட்டர்ஃப்ளை அதிகம் திறக்கும், மேனிஃபோல்ட் வேக்குவம் (எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயில் உள்ள அழுத்தக் குறைவு) விழும். வேக்குவம் விழுந்தால் பவர் சர்க்யூட் (சுமையில் கூடுதல் பெட்ரோல் விடும் வழி) திறந்துகொள்ளும். அதைக் கீழே விரிவாகப் பார்க்கலாம். 3.73 ஆக்ஸில் விகிதம் உள்ள வண்டிக்கு 33 அங்குல டயர் போட்டால், பழைய நிலையை மீட்க 4.10 அல்லது அதற்குச் சற்று மேலான விகிதம் தேவைப்படும். ஜெட் மாற்றி இதைச் சரிக்கட்ட முடியாது.

புகை இல்லை, பிளக் நிறமும் சரி, ஆனால் மைலேஜ் இல்லை

பிளக்கின் வெள்ளைப் பீங்கான் இளம் பழுப்பாக இருந்தால் கார்புரேட்டரைத் தொடாதீர்கள். கோளாறு வேறு எங்கோ இருக்கிறது.

இருபது கிலோமீட்டர் ஓட்டி, பிரேக் அதிகம் பிடிக்காமல் நிறுத்தி, நான்கு வீல் ஹப்புகளின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் பேரிங் இறுக்கம். முன் ஹப்புகளில் லாக் இருந்தால் ஃப்ரீ நிலைக்குத் திருப்புங்கள். டூ வீல் டிரைவில் ஓடும்போதும் லாக் போட்ட ஹப் முன் ஆக்ஸிலையும் ஷாஃப்ட்டையும் வீணாகச் சுற்றவைக்கும்.

அடுத்து தெர்மோஸ்டாட். அது திறந்தபடி மாட்டிக்கொண்டாலோ, யாராவது கழற்றிவிட்டிருந்தாலோ, எஞ்சின் வெப்பநிலைக்கு வராது, பெட்ரோல் சரியாக ஆவியாகாது, தானியங்கி சோக்கும் (குளிர்ந்த எஞ்சினுக்குக் காற்றைக் குறைக்கும் தகடு) முழுதாகத் திறக்காது. எஞ்சினுக்கு உரிய தெர்மோஸ்டாட்டையே மீண்டும் போடுங்கள். 82 அல்லது 88 டிகிரி செல்சியஸ் என்று அதன் மேலேயே பொறித்திருக்கும்.

அதிகம் பேர் தவறவிடுவது டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் அட்வான்ஸ், அதாவது வேக்குவத்தால் ஸ்பார்க்கை முன்கூட்டி வரவைக்கும் பாகம். கார்புரேட்டர் மாற்றும்போது அந்தச் சின்ன ஹோஸ் கழன்று கிடக்கும், அல்லது தவறான துளையில் செருகப்பட்டிருக்கும். குறைந்த சுமையில் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு, மெதுவாக எரியும். அதனால் ஸ்பார்க் முன்கூட்டியே வர வேண்டும். அது வராவிட்டால் எரிதலின் ஒரு பகுதி எக்ஸாஸ்ட்டில் வெப்பமாகப் போய்விடும். சோதிப்பது எளிது: டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள ஹோஸைக் கழற்றி, டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) பக்கத்தை வாயால் உறிஞ்சி நாக்கால் அடையுங்கள். உறிஞ்சல் நிற்க வேண்டும். காற்று கசிந்தால் டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது. பிறகு எஞ்சினை 2500 ஆர்பிஎம்மில் வைத்து, ஹோஸ் மாட்டியும் கழற்றியும் டைமிங் லைட்டில் பாருங்கள். இரண்டுக்கும் 8 முதல் 15 டிகிரி வரை வித்தியாசம் தெரிய வேண்டும். அடிப்படை டைமிங் வைக்கும்போது மட்டும் ஹோஸைக் கழற்றி, முனையை அடைத்து வைக்க வேண்டும்.

வேகத்தையும் கணக்கில் எடுங்கள். பெட்டி போன்ற உடம்புள்ள வண்டியை 90 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 110-க்கு ஏற்றினால் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். எந்த ஜெட்டும் அதைத் திருப்பித் தராது.

கரும்புகை, பெட்ரோல் வாடை, பிளக்கில் கறுப்புக் கரி

இதுதான் ரிச் கலவை, அதாவது பெட்ரோல் அதிகமான கலவை. காரணங்கள் பல என்பதால், இலகுவானதில் தொடங்கி இந்த வரிசையில் போங்கள்.

1. சோக். ஏர் ஃபில்டரைக் கழற்றி, நன்றாகச் சூடான எஞ்சினில் சோக் தகட்டைப் பாருங்கள். செங்குத்தாக, முழுக்கத் திறந்து நிற்க வேண்டும். எலெக்ட்ரிக் சோக் என்றால் அதன் முனையில் எஞ்சின் ஓடும்போது சரியான வோல்டேஜ் வருகிறதா என்று பாருங்கள். அதன் ஒயரை இக்னிஷன் காயிலில் இணைத்திருந்தால் உடனே மாற்றுங்கள்: சோக்குக்கும் மின்சாரம் போதாது, ஸ்பார்க்கும் பலவீனப்படும்.

2. ஃப்யூல் பிரஷர். வெபர் 32/36 கார்புரேட்டருக்கு 3.5 பிஎஸ்ஐக்கு மேல் போகக் கூடாது. எடல்பிராக் வகைக்கு 5 முதல் 6 வரை. ஹோலி 7 வரை தாங்கும். அமெரிக்க வண்டியின் மெக்கானிக்கல் பம்பை வைத்துக்கொண்டே வெபர் மாட்டினால், நீடில் வால்வைத் தள்ளிக்கொண்டு பெட்ரோல் உள்ளே வரும். பிரஷர் ரெகுலேட்டர் இல்லாமல் மாட்டாதீர்கள். 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர் ஜீப்களில் ஃப்யூல் ஃபில்டருக்கு மூன்று முனைகள் உண்டு. மூன்றாவது முனை டேங்குக்குத் திரும்பும் லைன். அந்த முனை மேல்நோக்கி இருக்கும்படி ஃபில்டரைத் திருப்பி மாட்ட வேண்டும். இரண்டு முனை ஃபில்டரைப் போட்டு ரிட்டர்னை அடைத்துவிட்டால் பிரஷர் ஏறும், சூட்டில் ஆவியும் அடைத்துக்கொள்ளும்.

3. ஃப்ளோட் (பெட்ரோல் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை). பித்தளை ஃப்ளோட்டைக் கழற்றி, உலர்த்தி, கொதிக்காத சுடுநீரில் முழுக்குங்கள். ஓட்டை இருந்தால் அந்த இடத்திலிருந்து குமிழ் கிளம்பும். காதருகே ஆட்டினால் உள்ளே பெட்ரோல் தளும்பும் சத்தமும் கேட்கலாம். குவாட்ராஜெட் கார்புரேட்டரில் வரும் கறுப்பு நுரை ஃப்ளோட் காலப்போக்கில் பெட்ரோலை உறிஞ்சிக் கனமாகி, சற்றுத் தாழ்ந்தே மிதக்கும். புதியதோடு எடை போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். உறிஞ்சியிருந்தால் மாற்றுவதைத் தவிர வழியில்லை. மட்டத்தைச் சரிபார்க்க ஹோலியில் பக்கவாட்டு ஸ்க்ரூவைக் கழற்றினால் பெட்ரோல் துளையின் அடிவிளிம்பில் நிற்க வேண்டும். டொயோட்டாவின் ஐசின் கார்புரேட்டரில் கண்ணாடிச் சாளரத்தின் நடுக்கோட்டில் நிற்க வேண்டும்.

4. பவர் சர்க்யூட். ஹோலியின் பவர் வால்வில் உள்ள எண், எத்தனை அங்குல பாதரச வேக்குவத்தில் அது திறக்கும் என்பதைக் குறிக்கும். 65 என்று பொறித்திருந்தால் 6.5 அங்குலத்தில் திறக்கும். டயாஃப்ரம் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க, ஐட்லிங்கில் இரண்டு மிக்சர் ஸ்க்ரூவையும் (ஐட்லிங் கலவையைச் சரிசெய்பவை) மெதுவாக முழுக்க உள்ளே திருப்புங்கள். எஞ்சின் நிற்க வேண்டும். நிற்காமல் ஓடினால், கிழிந்த பவர் வால்வு வழியே பெட்ரோல் வருகிறது என்பது முதல் சந்தேகம்.

5. ஆக்ஸிலரேட்டர் பம்ப். ஆக்ஸிலரேட்டரை அசைக்காமல் வைத்திருக்கும்போதும் பம்ப் நாசிலிலிருந்து பெட்ரோல் சொட்டினால் அதன் செக் வால்வு மூடவில்லை.

6. ஜெட். பழைய கார்புரேட்டர்களில் யாரோ கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருப்பார்கள். 1.40 மில்லிமீட்டர் ஜெட் 1.45 ஆனால் துளையின் பரப்பு 7 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். ட்ரில் பிட்டின் வழவழப்பான தண்டுப் பகுதியை நுழைத்து அளந்து பாருங்கள். ஜெட்டின் மேல் உள்ள எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சுத்தம் செய்ய கார்ப் கிளீனரும் காற்றும் போதும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் கலவை ரிச் ஆகும் என்பது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. ஃப்ளோட் சேம்பரின் வென்ட் (காற்றுத் துளை) ஏர் ஃபில்டருக்கு உள்ளே திறந்தால், அடைப்பு இரண்டு பக்கமும் சமமாக அழுத்தும். பவர் குறையுமே தவிரக் கலவை அதிகம் மாறாது. வென்ட் வெளியே திறக்கும் பழைய வகைகளில்தான் அழுக்கு ஃபில்டர் பெட்ரோலைக் கூடுதலாக இழுக்கும்.

லேண்ட் ரோவர் சீரீஸ் வண்டிகளில் வரும் ஜெனித் 36 ஐவி வகைக்குத் தனிக் குறை உண்டு. மேல் மூடியும் எமல்ஷன் பிளாக்கும் சேரும் முகம் நாளடைவில் வளைந்துவிடும். பெட்ரோல் ஜெட் வழியாக வராமல் அந்த இடுக்கு வழியாகக் கசிந்து வரும். எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் ஐட்லிங் நிலைக்காது. தட்டையான கண்ணாடியின் மேல் மெல்லிய எமரித் தாளை வைத்து அந்த முகத்தை மெதுவாகத் தேய்த்துச் சமமாக்கி, ஓ-ரிங்கையும் மாற்றினால் சரியாகும்.

ஐட்லிங் நிலைக்கவில்லை, மிக்சர் ஸ்க்ரூவைத் திருப்பினாலும் மாற்றமில்லை

கார்புரேட்டரைக் கழற்றித் தலைகீழாக்கி, ஐட்லிங் நிலையில் பட்டர்ஃப்ளையின் விளிம்பைப் பாருங்கள். சுவரில் நீண்ட ஒரு மெல்லிய வெட்டு தெரியும். அதுதான் டிரான்ஸ்ஃபர் ஸ்லாட். அதில் சிறிய சதுர அளவுக்கு மட்டுமே கீழே தெரிய வேண்டும். நீளமாகத் தெரிந்தால் ஐட்லிங் ஸ்க்ரூ அதிகம் ஏறியிருக்கிறது. பெட்ரோல் மிக்சர் ஸ்க்ரூவைத் தாண்டி ஸ்லாட் வழியே வருகிறது. டைமிங்கைச் சரிசெய்து, காற்றுக் கசிவை அடைத்து, பிறகு ஐட்லிங் ஸ்க்ரூவை இறக்குங்கள்.

காற்றுக் கசிவைத் தேட, எஞ்சின் ஓடும்போது, பற்றவைக்காத புரொபேன் குழாயை கார்புரேட்டர் அடி, மேனிஃபோல்ட் கேஸ்கெட், த்ராட்டில் ஷாஃப்ட் முனை என்று ஒவ்வோர் இடமாகக் கொண்டு செல்லுங்கள். ஆர்பிஎம் ஏறும் இடத்தில் கசிவு. சூடான எக்ஸாஸ்ட் மேல் கார்ப் கிளீனரை அடித்துச் சோதிப்பது தீ வைப்பதற்குச் சமம். ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டும்போது தட்டுப்பட்டால் தேய்மானம். புஷ் போட்டுத்தான் சரிசெய்ய வேண்டும்.

அதன் பின் ஐட்லிங் சரிசெய்தல்: மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே ஒட்டும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வேக்குவம் அதிகபட்சமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, ஆர்பிஎம் சற்றே இறங்கத் தொடங்கும்வரை மீண்டும் உள்ளே திருப்பி நிறுத்துங்கள். ஆரோக்கியமான எஞ்சினில் கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலம் வரும். 300 மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். அந்தக் குறைவைக் கோளாறு என்று எண்ண வேண்டாம்.

புதிய பெரிய கார்புரேட்டர் போட்டதிலிருந்து மைலேஜ் போய்விட்டது

தேவையான அளவைக் கணக்கிடுவது எளிது. எஞ்சின் லிட்டரை அதிகபட்ச ஆர்பிஎம்மால் பெருக்கி, 56.6-ஆல் வகுத்து, 0.8-ஆல் பெருக்குங்கள். வருவது சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது). 5.7 லிட்டர் வி8, 4500 ஆர்பிஎம் என்றால் ஏறக்குறைய 360. 4.2 லிட்டர் ஆறு சிலிண்டர், 4000 ஆர்பிஎம் என்றால் சுமார் 240. 2.25 லிட்டர் லேண்ட் ரோவர் எஞ்சினுக்கு 130-ஐத் தாண்டாது. மலைப்பாதையில் 3000 ஆர்பிஎம்மைத் தாண்டாத வண்டிக்கு 750 சிஎஃப்எம் எதற்கு?

பேரல் பெரிதானால் அதில் காற்றின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் பூஸ்டரில் (பேரலின் நடுவே பெட்ரோலை உறிஞ்சித் தெளிக்கும் குழாய்) உறிஞ்சல் பலவீனம். மெயின் ஜெட் தாமதமாக வேலையைத் தொடங்கும், பெட்ரோல் துளிகளும் பெரிதாக இருக்கும். அந்த இடைவெளியை நிரப்ப ஆக்ஸிலரேட்டர் பம்ப்பைப் பெரிதாக்குவார்கள். ஒவ்வொரு மிதிக்கும் பெட்ரோல் பீய்ச்சும்.

சிஎஃப்எம் எண்களை ஒப்பிடும்போது ஒன்றைக் கவனியுங்கள். இரண்டு பேரல் கார்புரேட்டர்களை 3 அங்குல பாதரச அழுத்த வித்தியாசத்திலும், நான்கு பேரலை 1.5 அங்குலத்திலும் அளப்பது வழக்கம். இரண்டு பேரல் எண்ணை 1.41-ஆல் வகுத்தால்தான் நான்கு பேரலோடு ஒப்பிட முடியும். 500 சிஎஃப்எம் இரண்டு பேரல் ஹோலி, அந்தக் கணக்கில் 355 அளவுதான்.

குவாட்ராஜெட்டைப் பழிப்பவர்கள் பலர். அது மைலேஜுக்கு மிக நல்லது என்பதே எங்கள் தீர்ப்பு. 1965-இல் வந்த இந்த வடிவத்தில் பிரைமரி பேரல் 35 மில்லிமீட்டர், செகண்டரி 57 மில்லிமீட்டர். சாதாரண ஓட்டத்தில் சின்ன பேரல் மட்டும் வேலை செய்யும். காற்று வேகமாகப் போகும், பெட்ரோல் நன்றாகப் பொடியும். மிதித்தால் பெரிய பேரல் திறக்கும். சிறிய ஃப்ளோட் சேம்பர் நடுவிலேயே இருப்பதால் சரிவிலும் நன்றாக நடக்கும். வெபர் 32/36-உம் அதே யோசனைதான்: 32 மில்லிமீட்டர் பிரைமரி, அதன் பின்னால் 36 செகண்டரி.

4.2 லிட்டர் ஜீப்பில் கார்ட்டர் பிபிடி கார்புரேட்டர் ஐட்லிங் குழாய் அடைப்பால் தொல்லை தந்தால், மோட்டார்கிராஃப்ட் 2100 மாற்றாகப் பலரும் போடுவது. அதில் வென்ச்சுரி (பேரலின் குறுகிய பகுதி) அளவு ஃப்ளோட் சேம்பரின் பக்கத்தில் வட்டத்துக்குள் பொறித்திருக்கும். 1.08 என்று இருப்பதைத் தேடுங்கள், 1.21 இந்த எஞ்சினுக்குப் பெரிது. வளைய வடிவ பூஸ்டர் இருப்பதால் குறைந்த காற்றிலும் உறிஞ்சல் நன்றாக இருக்கும். லேண்ட் ரோவருக்கு வெபர் 34 ஐசிஎச் போட்டால் மைலேஜ் கொஞ்சம் கூடும், இழுவை குறையும். சுமை ஏற்றும் வண்டிக்கு அதைச் சொல்லமாட்டோம்.

சரியான அளவு கார்புரேட்டராக இருந்தும் குடிக்கிறதென்றால், வேக்குவம் கேஜை டிரைவர் கண்ணில் படும்படி வைத்து, நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்தில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கனமான, பெரிய டயர் வண்டியில் சமதளத்திலேயே 9 அங்குலம்தான் வரலாம். அங்கே 8.5 பவர் வால்வு இருந்தால், லேசான ஏற்றத்திலும் அது திறந்தே கிடக்கும். ஓட்ட வேக்குவத்துக்கு இரண்டு அங்குலம் கீழே உள்ள வால்வைப் போடுங்கள். எடல்பிராக்கில் இதே வேலையைச் சின்ன ஸ்பிரிங் செய்கிறது: நீலம் 3, மஞ்சள் 4, ஆரஞ்சு 5, பிங்க் 7, நிறமற்றது 8 அங்குலம். மேலே உள்ள சின்ன மூடியின் ஸ்க்ரூவைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கையும் மீட்டரிங் ராடையும் (ஜெட்டுக்குள் ஏறி இறங்கும் கம்பி) பெட்ரோலை வடிக்காமலே மாற்றலாம். ஓட்டத்தில் கலவையை லீன் (பெட்ரோல் குறைவாக) செய்ய ராடின் தடித்த பகுதி இன்னும் தடிமனாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். சரியானதை அமைக்கும்வரை பல முறை திறக்க வேண்டிவரும் என்பதால், இந்த வசதி எடல்பிராக்கின் பெரிய பலம்.

சீரான வேகத்தில் வண்டி லேசாக இழுத்து இழுத்து விடுகிறது

இது லீன் பக்கம். வைட்பேண்டில் ஓட்டத்தில் 14.7 முதல் 15.5 வரை, முழு மிதியில் 12.5 முதல் 13 வரை இருந்தால் நல்லது. 16-ஐத் தாண்டினால் பழைய எஞ்சின்கள் பலவும் தள்ளாடத் தொடங்கும். அப்போது சில சுழற்சிகள் எரியாமல் போகும், ஓட்டுபவர் தன்னையறியாமல் அதிகம் மிதிப்பார், மைலேஜ் குறையும். ஒரு அளவு பெரிய ஜெட்டுக்குத் திரும்புங்கள். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்கு மாறியதும் இந்த அறிகுறி தோன்றினால், காரணம் அதுவாகவே இருக்கலாம்: அதற்குச் சரியான காற்று-பெட்ரோல் விகிதம் 14.7 அல்ல, 14.1; அதனால் அதே ஜெட் ஏறக்குறைய 4 சதவீதம் லீனாக நடக்கும்.

உயரமான இடங்களில் கதை மாறும். காற்று மெலிவதால் கலவை தானாக ரிச் ஆகும். ஹோலி ஜெட்டில் 600 மீட்டருக்கு ஓர் எண் குறைப்பது நடைமுறை. சில நாட்களுக்கு மட்டும் மேலே போகிறவர்கள் ஜெட்டைத் தொட வேண்டாம்.

மிதித்ததும் ஒரு கணம் செத்துவிட்டுப் பிறகு போகிறது

எஞ்சினை நிறுத்தி, மேலிருந்து எட்டிப் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்கை அசையுங்கள். அசைத்த கணமே நாசிலிலிருந்து இரண்டு பீய்ச்சும் கோடுகள் வர வேண்டும். தாமதித்தால் லிங்கில் தளர்வு. வராவிட்டால் பம்ப் டயாஃப்ரம் அல்லது தோல் கெட்டிருக்கிறது.

செங்குத்தான ஏற்றத்தில் நின்றுபோகிறது

வெள்ளமா, வறட்சியா என்பதை முதலில் பிரித்தறியுங்கள். நின்றவுடன் ஏர் ஃபில்டரை எடுத்து பூஸ்டர்களைப் பாருங்கள். பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தால் வெள்ளம். லிங்கை அசைத்தாலும் பம்ப் பீய்ச்சவில்லை என்றால் ஃப்ளோட் சேம்பர் காலி.

ஹோலியில் ஒரு சேம்பர் முன்னும் மற்றது பின்னும் இருப்பதால், ஏற்றத்தில் முன் சேம்பர் பெட்ரோல் பின்னோக்கிச் சாய்ந்து மீட்டரிங் பிளாக் (ஜெட்கள் உள்ள பாகம்) பக்கம் உயர்ந்து வென்ட் வழியே பேரலுக்குள் வழியும். இறக்கத்தில் பின் சேம்பர் அதையே செய்யும். ஃப்ளோட் மட்டத்தை ஒன்றரை மில்லிமீட்டர் வரை தாழ்த்தி, பிரஷரை 5 பிஎஸ்ஐக்குக் குறைத்துப் பாருங்கள். போதவில்லை என்றால் இதே நிறுவனம் இந்த வேலைக்காகவே 470, 670 சிஎஃப்எம் அளவுகளில் செய்த டிரக் அவெஞ்சர் வகைக்கு மாறலாம். மட்டத்தைக் கண்மூடித்தனமாகத் தாழ்த்திக்கொண்டே போனால், நீண்ட ஏற்றத்தில் முழு மிதியில் லீன் ஆகும்.

சூடான எஞ்சின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, அல்லது காலையில் நெடுநேரம் சுற்ற வேண்டியிருக்கிறது

நிறுத்திய பின் அடிச்சூடு ஏறி சேம்பரில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழிகிறது. ஆக்ஸிலரேட்டரை அடிக்கடி அடிக்காமல் முழுக்க மிதித்துப் பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். நிலையான தீர்வு, கார்புரேட்டர் அடியில் 12 முதல் 25 மில்லிமீட்டர் தடிமனுள்ள பினாலிக் ஸ்பேசர். பானட்டில் இடம் இருக்கிறதா என்று முன்பே அளந்துகொள்ளுங்கள்.

குவாட்ராஜெட் காலையில் மட்டும் தொல்லை தந்தால் அடியில் உள்ள ஈய அடைப்புகளைச் சந்தேகியுங்கள். ஃப்ளோட் சேம்பர் பாகத்தைத் தனியே பிரித்து, ஒரு காகிதத்தின் மேல் வைத்து, கிணறு போன்ற குழிகளில் பெட்ரோல் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். கீழே ஈரம் தெரிந்தால் அந்த இடத்தை உலர்த்தி, பெட்ரோல் தாங்கும் எபாக்ஸியால் மூடி, முழுதாக இறுகிய பிறகு மீண்டும் ஊற்றிப் பார்த்து மாட்டுங்கள்.